லெஃப்ட்ல யாரு?

மறந்துவிடு என்று யாராவது சொன்னால், சொன்னவரையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வார் அக்கா. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

சொந்த அக்கா இல்லை. முடிச்சூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வரும் ஒரு லாரி யார்டில் நான் அப்போது வேலை பார்த்தேன். எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றும் டிப்பர் லாரிகள். எந்த வண்டி எங்கே லோடு இறக்கப் போகிறது, எது திரும்பி வந்தது என்று பார்ப்பது என் வேலை. முதலாளி அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில்தான் இப்போது லாரிகள் நின்றன. எங்களுக்கு வேலை கொடுத்த பெரிய கட்டுமானக் கம்பெனி ஒன்று திடீரென்று ஒரு நிபந்தனை போட்டது: சைட்டுக்குள் வரும் ஒவ்வொரு லாரி டிரைவரையும் வெளியாள் ஒருவர் சோதிக்க வேண்டும், அவர் பாஸ் கொடுத்தால்தான் கேட் திறக்கும். அப்படிச் சோதிக்க வந்தவர்தான் அக்கா.

சோதனை என்றால் எல்லாவற்றிலும் இல்லை. வண்டி திரும்புகிற இடம் மட்டும்தான் அவருக்கு வேண்டும். நேர் ரோட்டில் டிரைவர் எப்படி ஓட்டினாலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சந்திப்பு நெருங்கியதும் முதுகு நிமிரும். டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கப் போகிற நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"லெஃப்ட்ல யாரு?"

"யாரும் இல்ல மேடம்" என்று சொன்னவர்கள் எல்லாரும் ஃபெயில். சொல்லும்போதே கண்ணாடியில் பார்த்தாரா, பார்த்துவிட்டுத் திரும்பினாரா, திரும்ப ஆரம்பித்த பிறகு பார்த்தாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். "தெரியல மேடம், பாக்கணும்" என்று சொல்லி வண்டியை நிறுத்தியவர்களுக்கு மட்டும் பாஸ். அப்படிச் சொல்ல எங்கள் டிரைவர்களுக்கு வெகுநாள் ஆயிற்று. அவர்களுக்குள் அவருக்கு லெஃப்ட் மேடம் என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பேரை முதலில் வைத்தவர் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

பாடம் எடுப்பதற்கு முன்னால் எல்லா டிரைவர்களுக்கும் ஒன்றைச் செய்து காட்டுவார். யார்டில் ஒரு மூலையில் ஹாலோ பிளாக் கற்களை வரிசையாக அடுக்கி நடைபாதை மாதிரி ஆக்கியிருந்தார். அதை ஒட்டி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதற்குப் பக்கத்தில் காலி லாரி வந்து நிற்கும், சிக்னலில் நிற்பதுபோல. நாற்காலிக்கும் லாரிக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். பிறகு லாரி மெதுவாக இடப்பக்கம் திரும்பும். முன்சக்கரம் நாற்காலியைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். "அவ்ளோதான், போயிடுச்சு" என்று எல்லாரும் நினைக்கும் நேரத்தில், லாரியின் உடம்பு உள்பக்கமாக நகர்ந்து வரும். பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போகாது, குறுக்கே வெட்டும். இருந்த இடமெல்லாம் இல்லாமல் போய், நாற்காலி கற்களோடு நசுங்கி, சத்தத்தோடு உடையும். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அந்தச் சத்தம்கூட மேலே கேட்காது.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாற்காலி கணக்கு. உடைந்த துண்டுகளை அக்கா தானே பொறுக்கிப் போடுவார்.

அந்த லாரியை ஓட்டிக் காட்டியவர் ஏழுமலை அண்ணன். அக்காவின் நிறுவனத்து ஆள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒடிசலான உடம்பு, பேச்சு குறைவு. வண்டியை விட்டு இறங்கவே மாட்டார். சாப்பாடுகூட உள்ளேயே. அக்கா விசில் ஊதினால் எடுப்பார், ஊதினால் நிறுத்துவார். நாங்கள் அவரை வாத்தியார் என்று கிண்டல் செய்தால், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சிரிப்பார்.

அக்காவின் குணம் எனக்குப் பிடிபட்டது ஒரு டீக்கடையில். பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு கடைகள் அடுத்தடுத்து இருந்தன. நல்ல டீ முதல் கடையில் கிடைக்கும், அக்கா எப்போதும் இரண்டாவது கடையில் வாங்குவார். வாங்கியதும் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து முதல் கடைக்கு நேர் எதிரே நின்று குடிப்பார். கேட்டதற்குச் சொன்னார்: முதல் கடைக்காரர் ஒருநாள் ஒரு கிழவியைப் பிச்சைக்காரி என்று நினைத்து மேலே தண்ணீர் ஊற்றி விரட்டினாராம். அது நடந்து வருஷக்கணக்காகிறது. அந்தக் கிழவியே செத்துப்போயிருக்கலாம்.

"அதுக்கு ஏன்க்கா இங்க வந்து நிக்கணும்? அங்கயே குடிக்கலாமே" என்றேன்.

"அங்க நின்னு குடிச்சா அவருக்கு எப்படித் தெரியும்?"

கடைக்காரர் எங்களைப் பார்க்காமல் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அவர் பார்க்காமல் இருந்த விதத்திலேயே தெரிந்தது.

இன்னொன்றும் சொல்வார்கள். சித்தப்பா வீட்டில் யாரோ ஏதோ தப்பாகப் பேசிவிட்டார்களாம். அக்கா சண்டை போடவில்லை, போய் வருவதையும் நிறுத்தவில்லை. அந்த வீட்டு வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதையும் விடாமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். எந்தப் போட்டோவிலும் சிரிக்க மாட்டார். ஆல்பத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அந்த முகம் இருக்கும்.

இதையெல்லாம் நான் அப்போது வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேடிக்கை இல்லை என்று தெரிந்தது ரயிலில். வேலை முடிந்து நாங்கள் பெருங்களத்தூரில் சேர்ந்து ஏறுவோம். அவர் தாம்பரத்தில் இறங்கி சேலையூர் பக்கம் போவார், நான் பல்லாவரம் வரை போவேன். ஒருநாள் மாலை தாம்பரத்துக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றுவிட்டது. ஃபேன் ஓடவில்லை. உங்களுக்கு எப்படி அக்கா இந்த லாரி வேலையில் ஆசை வந்தது என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

ஆசை இல்லை என்றார். பிறகு யாரோ ஒருத்தி கதையைச் சொல்வதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். அம்மா அப்பா போன பிறகு இரண்டு பேர்தான் வீட்டில். தங்கை காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்த்தாள். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவாள். ஒருநாள் சாயந்திரம் ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு சந்திப்பில், சிவப்பு விளக்குக்காக இடது ஓரமாக நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு டிப்பர் லாரி வந்து நின்றது. பச்சை விழுந்ததும் லாரி இடப்பக்கம் திரும்பியது. அவளுக்கு இடது பக்கம் நடைபாதைக் கம்பி. பின்னால் வண்டிகள். நின்ற இடத்திலிருந்து அவள் நகரவே இல்லை என்று அங்கே பூ விற்ற அம்மா சொன்னார்.

அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது லாரி முதலாளி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். யாரோ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அக்கா கையில் தங்கையின் ஹெல்மெட் இருந்தது. அவர் எதிரிலேயே முதலாளி இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணுதான் சார் லெஃப்ட்ல வந்து சொருகிச்சு. நம்ம வண்டி இன்னா பண்ணும்?"

"சொருகிச்சு" என்ற சொல்லை அக்கா ரயிலில் திரும்பச் சொன்னபோது, எதிர் சீட்டில் இருந்த பெண்மணி போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அந்த முதலாளி யார் என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்ன பேச்சுவழக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் காலையில் என் மேஜை பக்கத்தில் வந்து "இன்னாம்மா, வண்டில்லாம் பூச்சா?" என்று கேட்கிற அதே குரல்.

"அவருக்கு உங்கள அடையாளம் தெரியலையாக்கா?"

"தெரியல. மொத நாள் வந்தப்ப நேரா கண்ணப் பாத்து வணக்கம் சொன்னேன். எந்த ஊரும்மான்னு கேட்டாரு." ரயில் ஒரு குலுக்கு குலுக்கி நகர்ந்தது. "என் மூஞ்சிய ஞாபகம் வச்சிருந்தா, ஒருவேள, நான் இவ்ளோ தூரம் வந்திருக்க மாட்டேன்."

எங்கள் முதலாளி கொடுமைக்காரர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பார். டிரைவர் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார் என்று ஊரில் அவருக்கு நல்ல பேர். அவருக்கு நல்ல பேர் வாங்கித் தந்த அந்தக் குணத்தைத்தான் அக்கா மன்னிக்கவில்லை.

முதலில் தான் தேடியது முதலாளியை இல்லை, டிரைவரை என்றார் அக்கா. கேஸ் முழுவதும் டிரைவர் தலையில்தான் விழுந்தது. லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள், முதலாளி வேலையை விட்டு அனுப்பினார். அந்த ஆள் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஹாலோ பிளாக் போடும் இடத்தில் கல் சுமக்கிறான் என்று கேள்விப்பட்டு அக்கா பஸ் ஏறிப் போனார். கைப்பையில் ஒரு கருங்கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாராம். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அவன் ஓடவில்லை. யார் என்று தெரிந்ததும் தலையில் இருந்த சும்மாட்டை எடுத்துவிட்டு முன்னால் வந்து நின்றான். தன் பக்கம் நியாயம் எதுவும் சொல்லவில்லை. அக்காதான் தோண்டித் தோண்டிக் கேட்டார். இடப்பக்கம் பார்க்க வேண்டிய கிளீனர் எங்கே? முதலாளி எல்லா வண்டியிலும் கிளீனரை எடுத்துவிட்டார், ஒரு ஆள் போதும் என்று. கண்ணாடி? இடப்பக்கக் கண்ணாடி உடைந்து மாசக்கணக்காகிறது. மாற்றச் சொல்லி பல தடவை கேட்டாயிற்று. "ஸ்டியரிங்கு உன் கைல கீது, கண்ணாடி இன்னாத்துக்கு" என்று முதலாளி சிரித்துவிட்டுப் போனாராம். "எனக்கு சத்தம்கூட கேக்கலம்மா. ஜனங்க தட்டினப்பதான் நிறுத்தினேன்" என்றான்.

கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார் அக்கா. அது ஃபிரிட்ஜ் மேலே இருந்தது. நான் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்குப் படித்தார். லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததும் அந்த டிரைவரைத் தன் நிறுவனத்தில் பேசிச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

"ஏழுமலை அண்ணனா?" என்றேன். "பெரிய மனசுக்கா உங்களுக்கு. மன்னிச்சிட்டீங்களே."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். தாம்பரம் வந்துவிட்டது. எழுந்துகொண்டே சொன்னார்.

"மன்னிக்கல. பக்கத்துல வச்சிருக்கேன்."

முகத்துக்கு நேரே "ஏழுமலை, எடுங்க", "ஏழுமலை, சாப்பிட்டீங்களா" என்று பேசுகிறவர், அவர் இல்லாத இடத்தில் அவன் இவன் என்றுதான் சொல்வார் என்பதை அன்றைக்குப் பிறகு கவனித்தேன். ஒவ்வொரு யார்டிலும், ஒவ்வொரு நாற்காலியையும், ஏழுமலை அண்ணன்தான் உடைக்க வேண்டியிருந்தது என்பதையும்.

அடுத்து வந்த வாரங்களில் எங்கள் டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஃபெயில் ஆனார்கள். அநியாயமாக ஒருவரையும் அவர் தள்ளவில்லை. விதியில் இருப்பதற்கு மேல் எதையும் கேட்கவும் இல்லை. ஆனால் விதியில் இருக்கிற எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணாடி இல்லாத வண்டிகளைச் சோதிக்கவே மறுத்தார். லாரிகள் யார்டில் தேங்கி நின்றன. சைட்டிலிருந்து லோடு எங்கே என்று போன் மேல் போன். முதலாளி அக்காவுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துப் பார்த்தார், அவர் அதைப் பிரித்து டிரைவர்களுக்குக் கொடுத்துவிட்டார். "இன்னாம்மா ஒரே பேஜாரா கீது, நம்ம பசங்கதானே, கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்று கெஞ்சியும் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. காலையில் வந்ததும் இன்றைக்கு எத்தனை வண்டி வெளியே போகாது என்று நானே ஆசையாக எதிர்பார்த்தேன். அவரை அப்படிக் கெஞ்ச வைத்ததே போதும், அக்கா ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவருக்குப் போதவில்லை.

முதலாளியும் ஒருமுறை வகுப்பில் இருந்தாக வேண்டும் என்று கட்டுமானக் கம்பெனி கேட்டிருந்தது. ஒரு காலை நேரம், எல்லா டிரைவர்களும் யார்டில் கூடியிருந்தார்கள். முதலாளி வெள்ளைச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு வந்தார். அன்று டீசல் பார்க்கக் கீழே இறங்கியிருந்த ஏழுமலை அண்ணனைப் பார்த்து, "இன்னா ஏழுமல, நல்லா கீறியா? இப்ப இங்கதானா?" என்று அன்பாக விசாரித்தார். ஏழுமலை அண்ணன் கும்பிட்டுவிட்டு அவசரமாக கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வழக்கம்போல நாற்காலி உடைந்தது. டிரைவர்கள் உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிதான் சிரித்தார்.

"நாக்காலிக்கு இன்னாம்மா தெரியும்? மனுசன்னா ஒதுங்கிக்குவான்ல? கண்ணு கீது, காலு கீது. லாரி திரும்புறது தெரிஞ்சும் ஒருத்தன் அங்கயே நின்னா, அது லாரி மேல தப்பா?"

இரண்டு மூன்று பேர் அவருக்காகச் சிரித்தார்கள்.

அக்கா நாற்காலித் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வந்தார். எப்படி ஒதுங்க வேண்டும் என்று சார் செய்து காட்டினால் எல்லாருக்கும் புரியும் என்றார். குரலில் ஒரு மரியாதை இருந்தது. சொந்த ஆட்களுக்கு முன்னால் முதலாளி மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஸ்டேஷனிலிருந்து யார்டுக்கு வந்து போக நான் வைத்திருந்த ஸ்கூட்டர் அங்கே நின்றது. முதலாளி அதில் ஏறி உட்கார்ந்து, கற்களை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். அவருக்குப் பின்னால், சிக்னல் என்றால் வண்டிகள் நிற்கும்தானே என்று சொல்லி, அக்கா மற்ற டிரைவர்களின் பைக்குகளை நிறுத்தச் சொன்னார்.

தரையில் எப்போதும் ஒரு சுண்ணாம்புக் கோடு இருக்கும். ஆளை வைத்துச் செய்து காட்டும்போது, பின்சக்கரம் அந்தக் கோட்டுக்கு வந்தால் அக்கா விசில் ஊதுவார், வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் ஓர் அடிகூட வரக் கூடாது. மற்ற நாட்களில் நாற்காலி இருந்த அந்த இடத்தில் அக்காவேதான் நிற்பார், விசிலோடு. இந்த முறை விசில் மட்டும் அவரிடம் இருந்தது.

ஏழுமலை அண்ணன் திரும்ப லாரியைப் பின்னால் எடுத்து, பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பாடத்துக்காக அந்த லாரியின் இடப்பக்கக் கண்ணாடியை மடக்கியே வைத்திருப்பார்கள், விசிலை மட்டும் கேட்டுத்தான் ஓட்டுவார்; அதனால் அவருக்கு இடப்பக்கம் யார் இருக்கிறார் என்று தெரியாது. இன்னொரு நாற்காலி என்று நினைத்திருக்கிறார்.

விசில். லாரி நகர்ந்தது.

முன்சக்கரம் தாண்டியது. முதலாளி எங்களைப் பார்த்து, பாத்தீங்களா என்பதுபோலக் கையை விரித்தார். அப்போது லாரியின் இரும்புப் பக்கம் அவர் தோளை நோக்கி வர ஆரம்பித்தது. ஒதுங்கப் பார்த்தார். இடது பக்கம் கற்கள். பின்னால் பைக்குகள். இறங்கப் பார்த்தார், கால் வைக்க இடமில்லை. ஹாரனை அழுத்தினார். "டேய்" என்று கத்தினார். லாரி எஞ்சின் சத்தத்தில் எதுவும் மேலே போகவில்லை.

பின்சக்கரம் கோட்டுக்கு வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். விசில் உதட்டில் இருந்தது. கன்னம் உப்பவில்லை.

சக்கரம் கோட்டைத் தாண்டியது. டிரைவர்களில் ஒருவர் "மேடம்" என்றார். அக்கா முதலாளியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கேயும் அவர் கண் போகவில்லை. என் ஸ்கூட்டரின் கண்ணாடி முறிந்து விழுந்தது. ஸ்கூட்டர் சாய்ந்து முதலாளியின் முட்டியைக் கல்லோடு அழுத்தியது.

அப்புறம்தான் விசில் வந்தது.

லாரி நின்றது. டயர் ஸ்கூட்டரின் கால்மிதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா நடந்துபோய், கற்களுக்கு அந்தப் பக்கம் நின்று, குனிந்து, அவரிடம் மட்டும் பேசுவதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"சார், நீங்க வந்து சொருகினீங்களா? இல்ல, வண்டி உங்க மேல வந்துச்சா?"

முதலாளிக்கு வாய் கோணியது. முகத்தில் விபூதி வியர்வையோடு வழிந்திருந்தது.

"வண்டிதாம்மா. வண்டிதான் மேல வந்துச்சு."

"என் தங்கச்சியும் இப்படித்தான் நின்னா சார். ஸ்டேஷன்ல டீ குடிச்சிக்கிட்டு, அவ வந்து சொருகினான்னு சொன்னது நீங்க."

அவர் அக்காவை அப்போதுதான் பார்த்தார். தினம் பார்த்த முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்று எங்களுக்கே தெரிந்தது. அந்த நொடியில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்க மாட்டேன். கை தட்ட வேண்டும்போல இருந்தது.

அதற்குள் ஏழுமலை அண்ணன் இறங்கி, லாரியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். ஏன் கூட்டம் கூடியிருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தார். டயரைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். அதில் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு தரையில் இருந்த கோட்டையும், சக்கரம் அதைத் தாண்டி எவ்வளவு வந்திருக்கிறது என்பதையும் பார்த்தார்.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியை வெளியே இழுத்தோம். முட்டி வீங்கியிருந்தது, எலும்பு முறியவில்லை. அந்தக் களேபரம் அடங்கின பிறகு ஏழுமலை அண்ணன் எழுந்து அக்காவிடம் வந்தார். சத்தமே போடவில்லை.

"தெரிஞ்சே பண்ணீங்களா மேடம்?"

எந்தக் கேள்விக்கும் வார்த்தை தயாராக வைத்திருக்கும் அக்கா பேசாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஏழுமலை அண்ணன் லாரி சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, கேட்டைத் தாண்டி, முடிச்சூர் ரோட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். அவருடைய டிபன் கேரியர் கேபினிலேயே இருந்தது.

முதலாளி புகார் கொடுத்தார். நிறுவனம் அக்காவை வேலையை விட்டு எடுத்தது. ஒரு உயிரோடு விளையாடியவரை வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னார்களாம். அக்கா வாதாடவில்லை. "சரியாத்தான் செஞ்சிருக்காங்க. நானா இருந்தா எனக்கு ஃபெயில்தான் போட்டிருப்பேன்" என்று என்னிடம் போனில் சொன்னார். முதலாளி கொஞ்ச நாள் நொண்டிக்கொண்டு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து எல்லா வண்டியிலும் கிளீனர் போட்டார், எல்லா வண்டிக்கும் இடப்பக்கக் கண்ணாடி புதிதாக வந்தது. ஏன் சார் என்று கேட்டால், கம்பெனிக்காரன் கேக்கறான்மா என்பார். அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் யார்டில் நடக்கும்போது நிற்கிற லாரிக்குக்கூட இடப்பக்கமாகப் போக மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். இந்த முறை அவர் மறக்கவில்லை.

அக்கா ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் பல முறை போனார் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அவர் மனைவி வாசலில் வந்து, அவரு இல்லீங்க என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். உள்ளே அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரியுமாம்.

டிபன் கேரியரைக் கொடுக்க நான் போனேன். பழையபடி ஹாலோ பிளாக் போடும் இடத்தில்தான் இருந்தார். கல் அச்சிலிருந்து கையை எடுத்து, லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து கேரியரை வாங்கிக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். என் ஸ்கூட்டருக்குக் கண்ணாடி போட்டாயிற்றா என்று கேட்டார். கிளம்பும்போது, அக்கா உங்களைப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க அண்ணா என்றேன்.

அவர் வெயிலில் காய்கிற கற்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்தம்மாகிட்ட ஒண்ணு சொல்லும்மா. நான் தெரியாம பண்ணேன். அதுக்கே இத்தன வருசமா தூக்கம் இல்ல. அவங்க தெரிஞ்சு பண்ணாங்க. அதுவும் என் கையால."

இதை அக்காவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அக்காவிடம் எதையும் மறைக்க முடியாது. தாம்பரம் பிளாட்பாரத்தில் பார்த்தபோது, போனாயா என்றுதான் முதல் கேள்வி. சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். சொன்னேன். கேட்டு முடித்து, கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். முகம் கறுத்திருந்தது, ஆனால் கண் கலங்கவில்லை. செங்கல்பட்டு வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது, கூட்டம் எங்களைத் தள்ளியது. மன்னிப்புக் கேட்டு ஏதாவது சொல்லி அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்றப்ப அழுதானா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"நல்லது" என்றார் அக்கா. "அழுதா ஆறிடும்."